துருத்தியும் வாயிற்காவலும்



இந்த வாரம் ஒரு வாத்தியத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். தரைப்படை அணிவகுப்புகளில், தோள்மீது மூன்று குழல்கள் நிமிர்ந்து நிற்க, கையிடுக்கில் ஒரு பையை அணைத்தபடி ஊதிச் செல்வார்களே, அந்தப் பேக்பைப்தான் அது. அதன் நடுவே இருப்பது காற்று நிரம்பிய துருத்தி. அந்தச் சொல் உங்களுக்குப் புதிதன்று. புதிய திராட்சரசத்தைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையில் வருவது துருத்தி. 56ஆம் சங்கீதத்தில், தன் கண்ணீரைத் தேவன் சேர்த்துவைக்க வேண்டுமென்று தாவீது கேட்பதும் துருத்தியில்தான்.

நம் வட்டாரத்துத் தம்பி ஒருவர் படையின் இசைக்குழுவில் இதை வாசிக்கிறார். இதோடு விமானம் ஏறுவது எத்தனை பாடு என்று விடுமுறையில் வந்திருந்தபோது சொன்னார். கழற்றிப் பெட்டியில் அடுக்கினால், எக்ஸ்ரே திரையில் தெரிவது கருத்த குழாய்களும் உலோக வளையங்களும் உருவம் பிடிபடாத ஒரு பையுமே. சரக்கோடு போட்டுவிடலாமென்றால், குளிரிலும் வறட்சியிலும் மரம் வெடித்துவிடும் என்ற பயம். ஆகவே கையிலேயே கொண்டுபோகிறார். ஒவ்வொரு முறையும் நிறுத்தப்படுகிறார். ஒரு நிலையத்தில் அதிகாரி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாசித்துக் காட்டுங்கள்" என்றாராம். இந்த வாத்தியத்திற்கு மெதுவாக வாசிக்கத் தெரியாது! வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதிகாரி சிரித்துக்கொண்டே பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்.

கடல் கடந்து போகும் நம் நாகசுரக் கலைஞர்களுக்கும் இதே பாடு உண்டு. ஆச்சா மரக் குழலைக்கூட விளக்கிவிடலாம். சீவாளிக் கொத்தோடு, அதைச் சரிசெய்ய ஓர் ஊசியும் தொங்குகிறதே. அது பழைய காலத்துத் தந்த ஊசியாயிருந்தால் கூர்மை ஒரு கேள்வி, தந்தம் மற்றொரு கேள்வி. 2014 ஆகஸ்டில், கனடாவில் போட்டியில் வாசித்துவிட்டு அமெரிக்காவுக்குத் திரும்பிய இரண்டு இளைஞர்களின் பேக்பைப்களை எல்லை அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். பழைய குழல்களில் தந்த வளையங்கள் இருந்தன. சைட்டீஸ் ஒப்பந்தத்தின்படி சான்றிதழ் வைத்திருந்தும், அதற்கென்று குறிக்கப்பட்ட வாயில் வழியாக அவர்கள் வரவில்லை என்பதே குற்றம். பணம் கட்டிய பிறகே வாத்தியங்கள் திரும்பக் கிடைத்தன. யானைகளைக் காக்கும் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வாயிலில் காவல் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் காவல் தவறிய கதையும் உண்டு. 1746இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜேம்ஸ் ரீட் என்ற பேக்பைப் கலைஞரைக் கலகக்காரரென்று விசாரித்தார்கள். தாம் வாளோ துப்பாக்கியோ ஏந்தவில்லை, ஊத மட்டுமே செய்ததாக அவர் வாதாடினார். ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் படை எதுவும் இந்த வாத்தியமில்லாமல் புறப்படுவதில்லை, ஆகையால் இதுவும் போர்க்கருவியே என்று தீர்த்து, அவரைத் தூக்கிலிட்டார்கள். அது யாரோடு போயிற்று என்பதைக் கொண்டே தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

இதை நான் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. தானியேல் 3ஆம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சாரின் வாத்தியங்களை வாசித்துப் பாருங்கள். கடைசி வாத்தியத்தின் அரமேயப் பெயரைச் சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் பேக்பைப் என்றே பெயர்த்திருக்கின்றன. அறிஞர்களிடையே இதில் ஒருமித்த கருத்தில்லை. நம் பழைய தமிழ்த் திருமறையோ அங்கே தம்புருவை வைத்தது. இரண்டாம் இடத்தில் நாகசுரத்தை வைத்தது. ஆக நாகசுரம் நம் வேதத்துக்குள் வந்துவிட்டது. நம் ஆலயத்துக்குள் எத்தனை முறை வந்திருக்கிறது? கரிவலம்வந்தநல்லூரில் அந்த ஓசை கேட்டால் பால்வண்ணநாதர் கோயில்தான் நினைவுக்கு வரும். அதனாலேயே தயங்கினோம். ஆர்மோனியமும் ஆர்கனும் எந்தச் சோதனையுமின்றி உள்ளே வந்தன. அவை எங்கெங்கே வாசிக்கப்பட்டவை என்று எவரும் கேட்டதில்லை.

பறையின் கதை இன்னும் வேதனையானது. அதைத் தடுத்தவர்கள் எல்லோரும் இகழ்ச்சியால் தடுத்தவர்களல்லர். சாவு வீடுகளில் அடித்தே தீரவேண்டுமென்று கட்டாயப்படுத்தப்பட்ட குடும்பங்கள் கிறிஸ்துவிடம் வந்தபோது, பறையைக் கீழே வைப்பதுதான் அவர்களுக்கு விடுதலையாயிருந்தது. அந்த வலியை இளையோர் மறந்துவிடக் கூடாது. அதே வலியை அறிந்த ஒருவர்தான் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த ஐயா தியாபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்று அவரை அன்போடு அழைப்பார்கள். 2005இல் மறையும்வரை கிராமத்து இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவர உழைத்தார். பறையை அடித்தவரின் கை இழிந்ததன்று என்றால், பறை மட்டும் எப்படி இழிந்ததாகும்?

வருகிற அசனப் பண்டிகையில் பவனியோடு பறையும் ஆலயத்துக்குள் வரவேண்டும், வாசலில் நின்றுவிடக் கூடாது என்று நம் வாலிபர் சங்கத்தார் கேட்டிருக்கிறார்கள். மூத்தோர் சிலர் என்னைச் சந்தித்துத் தங்கள் தயக்கத்தைச் சொன்னார்கள். இரு தரப்பாரும் நான் மதிப்பவர்கள். என் மனம் வாலிபர் பக்கம் சாய்கிறது, அதை மறைக்கவில்லை. ஆயினும் சபைக் கமிட்டி கூடி முடிவெடுப்பதற்கு முன்னே, அந்த விமான நிலைய அதிகாரி செய்ததை நாமும் செய்து பார்ப்போம்.

சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஆலய வளாகத்தில் வேப்பமரத்தடியில் வாலிபர்கள் நமக்குத் தெரிந்த கீர்த்தனைகளுக்குப் பறை வாசிப்பார்கள். தோலை அனலில் காய்ச்சிப் பதப்படுத்தச் சற்று நேரமாகும், பொறுமையோடு வாருங்கள். மூத்தோருக்கு முன்வரிசையில் நாற்காலிகள் போடப்பட்டிருக்கும்.