சுவருக்கு முன் அட்டிக்

கனடாவில் பழைய மரச்சட்ட வீடு வாங்கும் நம்மவர்கள் முதல் குளிர்காலம் முடிந்ததும் கேட்பது, "சுவருக்குள்ள என்ன அடைக்கலாம்?" என்றுதான். முதலில் அட்டிக்குக்கு ஏறிப் பாருங்கள். வீட்டுச் சூடு மேலெழுந்து, மின்கம்பி ஓட்டைகள், புகைபோக்கியைச் சுற்றிய இடுக்குகள் வழியாகக் கசிகிறது. அவற்றை அடைத்த பிறகுதான் இன்சுலேஷன். எங்கள் வீட்டில் அதைச் செய்த குளிர்காலமே மாடி அறையில் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

எனக்குக் கவலை சுவரைப் பற்றித்தான். சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் கலந்த ஈரக்காற்று சுவருக்குள் புகுந்தால், வெளிப்பக்கத்துக் குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிறது. இன்சுலேஷன் போட்டபின் அந்தப் பலகை முன்னைவிடக் குளிர்ந்திருக்கும், மெதுவாகத்தான் உலரும். நூறாண்டு நின்ற மரம் இப்படித்தான் மக்கத் தொடங்குகிறது. ஆகவே மழைநீர்க் கசிவைச் சரிசெய்யாமல் செல்லுலோஸ் இன்சுலேஷன் ஊத விடாதீர்கள். பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய கம்பி இருந்தால், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்; அந்தக் கம்பியின் சூடு தணியச் சுற்றிலும் காற்று வேண்டும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். அட்டிக்கில் மினுங்கும் சிறு கற்கள் போல வெர்மிகுலைட் இன்சுலேஷன் கொட்டிக்கிடந்தால் தொடாதீர்கள். மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்ததில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. சுரங்கத்தை 1990இல் மூடிவிட்டார்கள், கொட்டியது இன்னும் பல வீடுகளில் கிடக்கிறது. பிள்ளைகளை மேலே ஏறவிடாமல், தகுதியுள்ள நிபுணரை அழையுங்கள்.