இரண்டு சாம்பல்

அன்பு மாணவச் செல்வங்களே, உறவுகளே,

எங்கள் கும்மிடிப்பூண்டி வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துப் பத்து வருடம் ஆகிறது. ரோட்டுத் தூசிக்கு வெள்ளைச் சுவர் தாங்கவில்லை. அதனால் இந்த முறை ஹாலுக்குச் சாம்பல் கலர் என்று முடிவு செய்தோம்.

பெயிண்டர் தம்பி ஷேடு கார்டில் இரண்டைக் காட்டினார். மருமகள், "ஒண்ணுல நீலம் தெரியுது, இன்னொண்ணுல மண் கலர் தெரியுது அத்தை" என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. "முப்பத்தாறு வருஷம் பிள்ளைங்களுக்குக் கலர் சொல்லிக் கொடுத்தவ நான். ஏதோ ஒண்ணை அடிக்கச் சொல்லு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது.

பெயிண்டர் தம்பி நிதானமானவர். "மெஷின்ல கலந்துட்டா கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க டீச்சர். பகல்ல ஒரு தடவை, டியூப் லைட்ல ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டையும் இரண்டு கோட்டிங் அடித்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில் எனக்கு வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன். மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்து ஹாலில் நின்றவள் திகைத்துப் போனேன். ஒன்று மழை மேகம் போல நீலம். மற்றது அடுப்புச் சாம்பல். வலது கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். இரண்டும் ஒன்று!

சாம்பல் என்பது வெறும் கறுப்பும் வெள்ளையும் அல்ல. கலக்கும்போது அதில் துளி நீலமோ மஞ்சளோ சிவப்போ சேர்கிறது. வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்தால் அது நன்றாகத் தெரியும். ஆனால் வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியைத் தடுக்கிறது. மெதுவாக நடப்பதால் நமக்கே தெரிவதில்லை. பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் 1923இல் வலது கண் ஆபரேஷனுக்குப் பிறகு நிறங்கள் மாறித் தெரிந்தன. 'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்று உங்களுக்குப் பழமொழி நடத்தியவள் நான்!

மருமகளிடம், "நீ சொன்னதுதான் சரிம்மா" என்றேன். க்ரீம் கலர் தரைக்குப் பொருந்தும் மண் சாம்பலை அவளே தேர்ந்தெடுத்தாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இலைக்குப் பழுப்பு அடித்திருந்தான். "இலை என்ன கலர்னு கூடத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் நிற்க வைத்தேன். கரும்பலகையில் சிவப்பு சாக்பீஸில் எழுதினாலும் அவன் படிக்கத் திணறுவான். கவனக்குறைவு என்றே நினைத்தேன். நிறக்குருடாக இருந்திருக்கலாம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

தம்பி, நீ இதைப் படித்தால் இந்த டீச்சரை மன்னித்துவிடு. உங்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்களே, அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அதட்டாதீர்கள். "உனக்கு எப்படித் தெரியுது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அடுத்த மாதம் இடது கண் ஆபரேஷன். அதன் பிறகு புதுச் சுவரைப் பார்க்க எல்லோரும் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்