பரங்கிக்காயும் பால்மரத்து இலைகளும்



கடந்த அக்டோபர் மாதத்தில் எங்கள் மூன்றாம் ஆண்டு வகுப்பில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்வைத் தங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கைவினைப் பாடமாகத் தொடங்கியது, இறுதியில் எனக்கே பாடமாக முடிந்தது. செய்முறையையும் இடையில் எழுதியிருக்கிறேன். விரும்புவோர் தத்தம் வகுப்பிலும் இல்லத்திலும் செய்து பார்க்கலாம்.

அன்று வாசிப்புப் பகுதியில் நான்கு பருவங்களைப் பற்றிய சிறு பத்தி ஒன்று இடம்பெற்றிருந்தது. அதற்குத் துணையாக நான் கொண்டு சென்ற படத்தில் சிவந்த இலைகளும் வைக்கோற் கட்டுகளும் ஒரு பெரிய பரங்கிக்காயும் இருந்தன. பின்வரிசையில் அமர்ந்திருக்கும், அதிகம் பேசாத ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

"டீச்சர், நமக்கு இலையுதிர் காலம் எப்ப வரும்?"

"நமக்கு அந்தக் காலமே கிடையாதும்மா. நம் நாட்டில் வெயிலும் மழையும்தான்" என்று கூறிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிட்டேன். பாடவேளை முடிய இன்னும் பத்து நிமிடமே இருந்தது. அவள் அமர்ந்துகொண்டாள். வேறொரு மாணவன், "அப்படியானால் நாமே அந்தப் பரங்கிக்காயைச் செய்து பார்க்கலாமா?" என்று கேட்டான். வகுப்பே ஆரவாரித்தது. கலைக்கல்விப் பாடவேளையில் செய்யலாம் என்று வாக்களித்தேன்.

வாக்களித்த பிறகுதான் சிக்கல்கள் தோன்றின. மேலை நாட்டவர் செய்வதுபோல் காயைக் குடைந்து உள்ளே விளக்கு வைப்பது ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு ஏற்ற செயலன்று. முற்றிய பரங்கியின் தோல் பெரியவர் கையிலேயே கத்தியை வழுக்கச் செய்யும். மேலும், குளிர்நாடுகளில் குடைந்த காய் ஒரு வாரமேனும் நிற்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மூன்று நாளிலேயே பூசணம் பிடித்து நீர் கசியத் தொடங்கிவிடும். தோல் கிழியாத முழுக்காயோ, காற்றோட்டமான நிழலில் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அது உணவுப் பொருள். உண்ணும் பொருளை வெட்டிக் குப்பையில் போடுவதைக் குழந்தைகளுக்குக் கற்றுத்தர எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே கத்தியே வேண்டாம், காயும் கெட வேண்டாம், அலங்காரம் முடிந்ததும் சமைத்து உண்ண வேண்டும் என்று மூன்று விதிகளை வகுத்துக்கொண்டேன்.

இதற்கிடையே ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. பேய்த் திருவிழாவுக்குத்தான் பூசணிக்காயில முகம் செய்வாங்க. தமிழ்ப்பள்ளியில அது எதுக்கு?" என்று தயக்கத்தோடு கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அக்டோபர் மாதத்தில் பேரங்காடிகளுக்குச் சென்றால் பல்லிளிக்கும் செம்மஞ்சள் முகங்களைத்தான் காண்கிறோம்.

நான் அவருக்குக் கூறியவை இவை. அந்த வழக்கத்திற்குப் பெயர்பெற்ற அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முதலில் குடைந்தவை டர்னிப் கிழங்குகளே. அம்மக்கள் அமெரிக்காவில் குடியேறிய பின்னரே, அங்கே எளிதாகக் கிடைத்த பரங்கி அந்த இடத்தைப் பிடித்தது. குடிபெயர்ந்தவர்கள் புதிய மண்ணில் கிடைத்ததைக் கொண்டு பழைய வழக்கத்தைத் தொடர்ந்திருக்கிறார்கள். நம் முன்னோரும் இந்த நாட்டில் அதைத்தானே செய்தார்கள்? அன்றியும், காயில் முகம் தீட்டுவது நமக்கும் புதிதன்று. புதிதாகக் கட்டும் வீட்டின் முன்னே, கண்ணேறு படாதிருக்க, மீசையும் கோரைப்பல்லும் தீட்டிய வெண்பூசணியைத் தொங்கவிடும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் உண்டு. குடையாமல் செய்யும் பூசணி அலங்காரத்திற்கு அதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்?

அவர் சிரித்துவிட்டார். "சரிங்க டீச்சர். ஆனா பேய் முகம் மட்டும் வேணாம்" என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். முகத்திற்குப் பதிலாகக் கோலம் என்று முடிவாயிற்று.

செய்வதற்கு முன் பெயரைப் பற்றிச் சற்றுப் பேசினோம். பரங்கிக்காய் என்றும் சர்க்கரைப் பூசணி என்றும் நாம் அழைப்பது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய். கடல் கடந்து வந்த ஐரோப்பியரைப் 'பறங்கியர்' என்று அழைத்த மக்கள், அவர்களோடு வந்த காயையும் அப்பெயராலேயே குறித்தார்கள் என்பர். கொங்கு நாட்டில் அதுவே அரசாணிக்காய். வெண்பூசணியோ ஆசியாவின் சொந்தக் காய். வெளியிலிருந்து வந்த காய், மார்கழிக் காலையில் வாசற்கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையாரின் தலையில் பூவாக அமரும் அளவிற்கு நம்முடையதாகிவிட்டது. 'பரங்கிப்பூ' என்று கரும்பலகையில் எழுதியபோது, அதைக் கண்டவர் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை.

இனி, செய்முறை.

தேவையானவை: குழுவிற்கு ஒரு சிறிய பரங்கிக்காய், அரை குவளை பச்சரிசி மாவு, பஞ்சுக்குச்சிகள், சணல் கயிறு, உதிர்ந்த இலைகள், செம்மஞ்சள் நிற மணிலா அட்டை, துளையிடும் கருவி, நூல்.

முதலாவது, மாக்கோலப் பரங்கி. நம் சந்தைகளில் கிடைப்பது பெரும்பாலும் படத்தில் காணும் பளிச்சென்ற செம்மஞ்சள் காயன்று. பச்சையும் பழுப்பும் கலந்த, சற்றே தட்டையான, வரிகள் ஆழ்ந்த காய். மாணவர்கள் முதலில் ஏமாற்றமடைந்தார்கள். ஆனால் வெள்ளைக் கோடு அந்தக் கருமையான தோலில்தான் எடுப்பாகத் தெரியும். காயைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். அரிசி மாவில் சிறிது சிறிதாக நீர் விட்டுத் தயிர்ப் பதத்தில் கரைக்க வேண்டும். நீர் மிகுந்தால் கோடு வழிந்துவிடும். பஞ்சுக்குச்சியால் தொட்டு, காயின் ஒவ்வொரு புடைப்பிலும் புள்ளிகள் வைத்து, அவற்றை வளைகோட்டால் இணைக்கலாம். ஈரமாக இருக்கும்போது கோடு மங்கலாகவே தெரியும். காயக் காய வெண்மை எழும்பி வரும். அதைக் கண்டு மாணவர்கள் அடைந்த வியப்பை நான் மறக்க முடியாது.

இரண்டாவது, இலை சூடிய பரங்கி. நம் குடியிருப்புப் பகுதிகளில் கெத்தாப்பாங் மரம், அதாவது நாட்டு வாதுமை, நிறைய உண்டு. உதிரும் முன் அதன் இலைகள் செக்கச் சிவந்துவிடும். அவ்விலைகளைப் பொறுக்கி, பழைய நாளிதழ்த் தாள்களுக்கிடையே வைத்து, மேலே கனத்த நூல்களை அடுக்கி மூன்று நான்கு நாள் விட வேண்டும். நாள்தோறும் தாளை மாற்றாவிட்டால் இலை பூசணம் பிடிக்கும். பிறகு காயைச் சுற்றி இலைகளை அடுக்கிச் சணல் கயிற்றால் கட்டலாம். பசை வேண்டாம். சமைக்கப்போகும் காயில் சாயமோ பசையோ படலாகாது.

மூன்றாவது, தாள் பரங்கி. காய் வாங்க இயலாதவர்களுக்கு இது போதும். மணிலா அட்டையை 2 செ.மீ. அகலமும் 20 செ.மீ. நீளமும் உள்ள 12 பட்டைகளாக வெட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரு முனைகளிலும் துளையிட்டு, நூல் கோத்து, மேல்முனையையும் கீழ்முனையையும் முடிச்சிட வேண்டும். பின்னர்ப் பட்டைகளை வளைத்து விசிறிபோல் விரித்தால், ஏறத்தாழ 12 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டை கிடைக்கும். காம்பிற்கு ஒரு காய்ந்த குச்சி போதும்.

வேலை முடிந்த நாளன்று, ஆறு காய்களும் வகுப்பின் வாசலில் மேசைமேல் வரிசையாக இருந்தன. பிற்பகலில் வழக்கம்போல் இடியுடன் கூடிய மழை. பெற்றோர் வரத் தாமதமாயிற்று. இலையுதிர் காலத்தைப் பற்றிக் கேட்ட மாணவியை அழைத்துச் செல்ல அவளுடைய பாட்டி குடையோடு வந்திருந்தார். மேசையருகே நின்று, சிவந்த இலைகளைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்னங்க டீச்சர்?"

"வெளிநாட்டில் இலையுதிர் காலம் என்று ஒன்று வரும் பாட்டி. நமக்கு அது கிடையாது அல்லவா, அதனால் பிள்ளைகள் செய்து பார்த்தார்கள்" என்றேன்.

அவர் என்னை வியப்போடு நோக்கினார். "யாருங்க டீச்சர் கிடையாதுன்னு சொன்னது? மாசி, பங்குனியில பால்மரம் பூரா இலை செவந்து, மஞ்சளாகி, கொட்டுமே! காடே வெளிச்சமாயிரும். நடந்தா காலுக்குக் கீழ சரசரன்னு சத்தம் கேட்கும். எங்களுக்கு அதைக் கண்டாலே வயித்தைக் கலக்கும். இலை கொட்டி, துளிர் விடுற வரைக்கும் மங்குல பால் விழாது. பால் கொறைஞ்சா சம்பளமும் கொறைஞ்சிரும். அந்த மாசத்துலதான் எங்கம்மா தோட்டு அடகுக்குப் போகும்."

பேத்தி பாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ரப்பர் மரம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலையுதிர்க்கும் என்பதும், புதுத் துளிர் முற்றும் வரை பால் குறையும் என்பதும் நான் நூல்களில் படித்தவையே. என் தாய்வழிப் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்தாம். ஆயினும் 'இலையுதிர் காலம்' என்ற சொல்லைக் கண்டதும் என் மனம் பனி பெய்யும் நாடுகளுக்குச் சென்றதே தவிர, தோட்டத்தின் பக்கம் திரும்பவில்லை. நான் நின்று பாடம் நடத்தும் சுபாங் ஜெயாவே ஒரு காலத்தில் சீஃபீல்டு தோட்டமாக இருந்த நிலம். பின்னர் வீடுகள் எழும்பி, 2020இல் மாநகர் மன்றத் தகுதி பெற்ற இந்நகரின் அடியில் ரப்பர் மரத்து வேர்கள் கிடந்திருக்கின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நானோ ஒரு பருவம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் மறைத்துவிட்டேன். அதுவும் அறியாமலே.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தவறு" என்று தொடங்கினேன். ஆசிரியர் தவறு என்று கூறியதும் மாணவர்கள் நிமிர்ந்து அமர்ந்தார்கள். கரும்பலகையில் நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளையும் எழுதினேன்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். அவர்கள் தம் நிலத்தில் பெய்த மழையையும் பனியையும் காய்ந்த வெயிலையும் கண்டு பெயரிட்டார்கள். மாசி பங்குனி அவர்களுக்குப் பின்பனி. நம் தோட்டத்துப் பாட்டிக்கு அதுவே இலையுதிர் காலம். இரண்டும் தமிழ்தான். பிறகு அந்த மாணவியை முன்னே அழைத்து, பாட்டி கூறியதை வகுப்பிற்குச் சொல்லச் சொன்னேன்.

அதிகம் பேசாத பிள்ளை அன்று பதினைந்து நிமிடம் பேசினாள். மங்கு என்றால் என்ன, பால் எப்படி வடியும், இலை கொட்டினால் ஏன் சம்பளம் குறையும் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தெரியாதவற்றைப் பாட்டியிடம் கேட்டு வருவதாகக் கூறினாள். மறுநாள் ஒரு பழைய ரொட்டி டின்னோடு வந்தாள். உள்ளே பளபளக்கும் ரப்பர் விதைகள். பாட்டி பல்லாங்குழி ஆடப் பத்திரப்படுத்தியவையாம். அவற்றை வாயில் வைக்கலாகாது, நச்சுத்தன்மை உண்டு என்று எச்சரித்துவிட்டு, காய்களைச் சுற்றி வரிசையாக வைத்தோம். அலங்காரம் அப்போதுதான் நிறைவுபெற்றது.

பத்து நாள் கழித்துக் காய்களைக் கழுவினோம். மாக்கோலம் நீரில் கரைந்து போயிற்று. ஒரு காயிலும் கீறல் இல்லை. சில பெற்றோர் அவற்றை வீட்டிற்கு எடுத்துச் சென்று, தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்துப் பாயசமாக்கிக் கொண்டு வந்தார்கள். பேய் முகம் வேண்டாம் என்ற தாயார்தாம் பெரிய பாத்திரத்தைத் தூக்கி வந்தவர். விதைகளை மட்டும் உலர்த்தி வைத்திருக்கிறோம். பள்ளித் தோட்டத்தில் ஊன்றினால், பரங்கிப்பூவைக் கண்டவர் யார் என்று நான் கேட்கும்போது அடுத்த முறை கைகள் உயரக்கூடும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் பணிவோடு கூற விரும்புவது ஒன்றே. பாடநூலில் வரும் ஒன்றைக் குழந்தை சுட்டி, "இது நமக்கு உண்டா?" என்று கேட்டால், இல்லை என்று உடனே கூறிவிடாதீர்கள். வீட்டில் உள்ள முதியவரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். இந்த மாசியில் அந்தப் பாட்டியை வகுப்பிற்கு அழைத்திருக்கிறேன். எங்காவது எஞ்சியிருக்கும் ஒரு பால்மரத்தடிக்கு மாணவர்களை அழைத்துச் செல்லவும் எண்ணியிருக்கிறேன்.