தேவதைக்கு வழிவிட்ட ஹைவே!

ஃபேரின்னதும் உங்க மனசுல என்ன வருது? பட்டாம்பூச்சி இறக்கை, மந்திரக்கோல், ‘பீட்டர் பான்’ படத்துல பறக்குற டிங்கர் பெல்... அதானே? அயர்லாந்து கிராமத்துல இதைச் சொன்னா சிரிப்பாங்க பாஸ். அந்த ஊர்க் கதைகள்ல வர்ற ஃபேரிக்கு இறக்கையெல்லாம் கிடையாது. பார்க்க மனுஷங்க மாதிரி, கோபமும் மனுஷங்க மாதிரியே. பேரைச் சொல்லவே பயந்து, ‘நல்லவங்க’ன்னுதான் பெரியவங்க குறிப்பிடுவாங்க!

அட்ரஸ்? மண்ணுக்கு அடியில. புராணப்படி, அந்தத் தீவை ஆண்ட ‘டூஹா டே டனன்’ என்ற தெய்வக் குலம், கடல் தாண்டி வந்த மனிதர்களிடம் போரில் தோற்றது. மேல்பாதி நாடு மனிதர்களுக்கு, கீழ்பாதி அவங்களுக்குன்னு டீல். அவங்க இறங்கிப்போன மேடுகளுக்கு ஐரிஷ் மொழியில் ‘ஷீ’ன்னு பேர். பேய்ப் படத்துல வர்ற ‘பான்ஷீ’க்கு அர்த்தமே ‘மேட்டுப் பெண்’தான்.

அந்த மேடுகள்ல சூப்பர் ஸ்டார், டப்ளினுக்கு வடக்கே பாயின் நதிப் பள்ளத்தாக்கில் இருக்கும் நியூகிரேஞ்ச். கி.மு. 3200 வாக்கில் கட்டிய கல்லறை. கிஸா பிரமிடுக்கே அக்கா. கல்மேல் கல்லா உள்பக்கம் நீட்டி நீட்டி அடுக்கியே கூரையை மூடியிருக்காங்க. 5,000 வருஷமாச்சு, உள்ளறை ஒழுகலை. (எங்க ஹாஸ்டல் ரூம் ஒரு மழை தாங்காது!) டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில நாள், சூரியன் உதிச்சதும் வாசலுக்கு மேல இருக்கிற சின்னத் திறப்பு வழியா வெளிச்சம் நுழைஞ்சு, 19 மீட்டர் பாதையைக் கடந்து உள்ளறையைத் தொடும். 17 நிமிஷம்தான். தொல்லியல் பேராசிரியர் மைக்கேல் ஓ’கெல்லி 1967-ல் இதை நேரில் பார்த்தார்.

பெரிய மேட்டை விடுங்க. வயலுக்கு நடுவுல வட்டமா ஒரு மண்கரை, சுத்தி அகழி... இப்படி 40,000-க்கும் மேல அங்கே இருக்கு. பெரும்பாலும் கி.பி. 500-க்கும் 1000-க்கும் இடையில் வாழ்ந்த விவசாயிகளின் வீட்டு வளாகம். ஊர்க்காரங்களுக்கு அது ‘ஃபேரி கோட்டை’. உழுதா மாடு சாகும், வீட்டுக்கு ஆகாதுன்னு தலைமுறை தலைமுறையா யாரும் கலப்பையை அதுக்குள்ள விடலை. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே பயம் காவல் காத்திருக்கு.

ஆனா, அதே பயம் ஓர் உயிரையும் எடுத்திருக்கு. 1895, டிப்பரரி. பிரிட்ஜெட் கிளியரி, தையல் வேலை செய்து சம்பாதித்த பெண். உடம்பு சரியில்லாம படுத்தவளை, ‘இவ என் பொண்டாட்டியே இல்லை, ஃபேரிகள் ஆளை மாத்திட்டாங்க’ன்னு புருஷனே எரிச்சான். அதுக்கப்புறம், நிஜ மனைவி வெள்ளைக் குதிரையில் திரும்பி வருவாள்னு பக்கத்து ஃபேரி கோட்டையில் ராத்திரி காத்திருந்தானாம். 15 வருஷம் ஜெயில்.

இப்போ சிவில் பசங்க கொஞ்சம் கிட்ட வாங்க. 1999-ல் கிளேர் மாவட்டம் லட்டூனில் புது ரோடு. வழியில ஒத்தை முள்மரம். கதைசொல்லி எடி லெனிஹன், ‘மன்ஸ்டர் ஃபேரிகள் சண்டைக்குப் போகும்போது கூடுற இடம் இது, வெட்டினா ரோட்டுல சாவு விழும்’னு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. கடைசியில், மரத்தை விட்டுட்டு டிசைனை மாத்தினாங்க! 2002-ல் எவனோ கிளைகளை வெட்டிப் போட்டான். அது மறுபடியும் துளிர்த்தது.

அடுத்த ரோடு, எம்3. ஐரிஷ் அரசர்களின் புனிதக் குன்றான டாராவுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் போகுது. 2007-ல் வேலை நடக்கும்போதே லிஸ்மல்லினில் 80 மீட்டர் அகலத்துக்கு, மரக்கம்பங்கள் நட்ட குழிகளாலான ஒரு பெரிய வட்டம் வெளிப்பட்டது. இரும்புக் காலச் சடங்கு இடம்னு சொல்றாங்க. தேசிய நினைவுச் சின்னம்னு அறிவிப்பும் வந்தது. ஆனா, அதுவரைக்கும் அது அங்கே இருக்குன்னே யாருக்கும் தெரியாது. அதனால அதைச் சொல்லிப் பயமுறுத்த ஒரு கதையும் இல்லை. தோண்டி, அளந்து, பதிவு பண்ணாங்க. 2010-ல் அது மேலேயே ரோட்டைத் திறந்துட்டாங்க.