மலையில்லா நாட்டில் ஒரு நடைப்பயணம்

விடுமுறை வந்துவிட்டால் முதுகிலே பையைச் சுமந்துகொண்டு அயல்நாட்டு மலைகளில் நடந்து திரிவது இன்று நம் பிள்ளைகள் பலரின் ஆசை. அவ்வாசையில் தவறொன்றும் இல்லை. வாகனத்தில் விரைபவன் ஊரின் பெயர்ப்பலகையைக் காண்கிறான். நடந்து செல்பவனே ஊரைக் காண்கிறான். ஆயினும் நடப்பதற்கு மலைதான் வேண்டும் என்பதில்லை. சென்ற கோடையில் நாங்கள் குடும்பத்துடன் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் கடற்கரையில் இரண்டு நாட்கள் நடந்தோம்.

முதல்நாள் கடப்பாக்கத்தில் பேருந்தைவிட்டு இறங்கி ஆலம்பரைக் கோட்டையைக் கண்டோம். முகலாயர் காலத்து இக்கோட்டை 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்தது. 1760-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி இடித்தனர். செங்கல் மதில்களின் நிழலில் கட்டுச்சோற்றை உண்டு, பிற்பகல் வெயில் தணிந்தபின் தெற்கு நோக்கி நடந்து மரக்காணத்தில் இரவு தங்கினோம்.

மறுநாள் விடியுமுன்னரே உப்பளத்தை அடைந்தோம். நாங்கள் அதிகாலை என்று எண்ணியது அங்கே பாதி வேலை முடிந்த நேரம்! வெயிலுக்கு முன் உப்பை வாரிவிட வேண்டுமென்று இருளிலேயே பணி தொடங்கிவிடுகிறது. கழியின் உவர்நீரையும் நிலத்தடி உப்புநீரையும் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிடுகின்றனர். நீர் செறியச் செறிய முதலில் ஜிப்சம் என்னும் சுண்ணச்சத்து படிகிறது. அதன்பின் காலால் மிதித்து இறுக்கிய கடைசிப் பாத்திகளுக்கு நீர் மாற்றப்படுகிறது. அங்கேதான் உப்பு பூக்கிறது. எஞ்சும் கசப்பு நீரை உரிய நேரத்தில் வடித்துவிடாவிடில் உப்பும் கசந்துபோகும். நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை இழுத்துக் கரைசேர்த்து, அம்பாரமாய்க் குவித்து, மழைக்கு ஓலை வேய்ந்து மூடுகிறார்கள். அந்த வெண்குவியல்களே அந்நாட்டின் மலைகள்.

எளிதாய்ச் சொல்லிவிட்டோம்; செய்பவர் பாடு எளிதன்று. உப்புநீரில் ஊறிய பாதங்கள் வெடித்துப் புண்ணாகின்றன. வெண்மையில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்களை வருத்துகிறது. கூடை சுமந்து வந்த ஒரு மூதாட்டியிடம் எங்கள் இளைய மகள், "பாட்டி, மழை வந்தால் குளிர்ச்சியாக இருக்குமே!" என்றாள். அவர் சிரித்தார். "ஊரெல்லாம் மழைக்கு வேண்டும் கண்ணு, நாங்க வெயிலுக்கு வேண்டுவோம். மழை பெய்தா எங்க அடுப்பு எரியாது" என்றார். பிள்ளை பதில் பேசவில்லை.

அவர் சொன்னது மெய்யே. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அளங்கள் நீரில் மூழ்கும். மீண்டும் உப்பு எடுக்கத் தை, மாசி ஆகிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது இப்பகுதி பெருமழையில் தவித்தது. வேலையற்ற மழைக்காலத்துக்கென உப்பளத் தொழிலாளருக்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. மூன்று மாதத்திற்கு அது எவ்வளவு தாங்கும் என்பதை இல்லத்தரசிகளே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

இத்தொழில் நேற்றுத் தோன்றியதன்று. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். உப்பு வணிகரான உமணரின் வண்டி வரிசையும் அந்நூலில் உண்டு. பிற்காலத்தில் வண்டிக்குத் துணையாகப் படகு வந்தது. சென்னையிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தருகேதான் முடிகிறது. 1930-இல் உப்புக்காகவே இராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரணியம்வரை நடந்தனர். அவர்கள் தோளிலும் பை இருந்திருக்கும். ஆனால் அது விடுமுறைப் பயணமன்று.

மலைநாடு காணச் செல்லும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ஹால்ஸ்டாட் என்னும் ஊரில், கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மலையைக் குடைந்து உப்பு எடுத்தனர். சால்ஸ்பர்க் நகரின் பெயருக்கே 'உப்புக்கோட்டை' என்பது பொருள். அம்மலையுப்பும் பண்டைக் கடலொன்று வற்றியதில் விளைந்ததே. அங்கே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இயற்கை செய்த வேலையை, இங்கே மரக்காணத்தார் ஒவ்வொரு கோடையிலும் நம் கண்முன் செய்கிறார்கள்.

செல்ல விரும்புவோர் தை அல்லது மாசியில் செல்வது நலம். அருகிலுள்ள கழுவேலி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்கால வலசைப் பறவைகளையும் புதிய உப்பையும் ஒருசேரக் காணலாம். தலைக்குத் துணியும், வேண்டிய மட்டும் குடிநீரும் கொண்டு செல்லுங்கள். பாத்தி வரப்பில் ஏறுமுன் அங்குள்ளோரிடம் அனுமதி கேளுங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். சோற்றில் உப்பிட்ட தாயை அவர்கள் நினைப்பார்கள். அத்தாயின் கைக்கு உப்பைத் தந்த கையையும் ஒருமுறை நேரில் காணட்டும். மழை கொட்டும் ஐப்பசி இரவில், கூரையின்கீழ் நாம் சுகமாய் உண்ணும்போது, அடுப்பு எரியாத வீடொன்று கடற்கரையில் உண்டென்று அவர்கள் நினைத்துக்கொண்டால், அப்பயணம் வீண்போகவில்லை.