கடுகா, நாய்க்கடுகா?

மாக் மண்டின்,
பட்டர்வொர்த்.

அன்பு மருமகளுக்கு,

உன் பொட்டலம் வந்து சேர்ந்தது. சாவிக் கீரைப் பாத்தி ஓரம் தானாக முளைத்த செடியின் விதை, பார்க்கக் கடுகுபோலவே இருக்கிறது, தாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாளிக்காதே கண்ணு. அது நாய்க்கடுகு.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கடுகு உருண்டை, தோலில் மெல்லிய வலைப்பின்னல் ஓடும். நீ அனுப்பியது நத்தை ஓடுபோல் சுருண்டு ஒரு பக்கம் பிளந்திருக்கிறது. மேலெல்லாம் வரிவரியாக மேடு. காயைப் பிரித்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். கடுகுக் காயின் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று தடுப்பாக நிற்கும். நாய்க்கடுகுக் காயில் அது கிடையாது; தொட்டால் பிசுபிசுக்கும். பூ இரண்டிலுமே மஞ்சள் என்பதால் பூவை நம்பாதே.

நாய்க்கடுகுக்கு நாட்டு மருந்தில் இடமுண்டு. பயப்பட வேண்டியது கடுகுபோலவே தெரியும் பிரம்மத்தண்டு விதைக்குத்தான். 1998-இல் டில்லியில் அதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டுக் கால் வீங்கி, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த விதையின் தோல் சொரசொரப்பு, ஒரு முனை கூர்ப்பு. நசுக்கினால் உள்ளே வெள்ளை, கடுகென்றால் மஞ்சள்.

உன் பாத்தியில் பூத்துக் காய்த்த சாவிக் கீரை கைசோய் வகை என்றால், அது நாம் தாளிக்கும் கடுகின் இனமேதான். இலைக்காக வளர்க்கும் வகை, அவ்வளவுதான். சாவியிலேயே சோய்சம் என்பது வேறு இனம். இரண்டின் விதையையும் கண்ணால் பிரிப்பது எனக்கே கஷ்டம். கொஞ்சம் இடித்துத் தண்ணீர் விட்டுச் சில நிமிடம் வை. கைசோய் விதை மூக்கில் சுருக்கென்று ஏறும். கடுகு வகைதானா என்பது விதைத்துப் பார்த்தால் இன்னும் நிச்சயம். கடுகானாலும் இந்தக் கீரைகளானாலும் முதலில் வரும் இரண்டு விதையிலைகளின் நுனி உள்வாங்கியிருக்கும். ஆனால் கடையில் விதைக்கென்று விற்கும் பாக்கெட்டை மட்டும் இடித்துப் பார்க்காதே. பூஞ்சை மருந்து தடவியிருக்கலாம்.

அடையாளம் தெரியாத விதை சமையலறைக்குள் வரவே கூடாது. அடுத்த முறை விதையை மட்டும் அனுப்பாமல், காயும் இலையும் சேர்த்துச் செய்தித்தாளில் மடித்து அனுப்பு.

அன்புடன்,
அத்தை