பென் நெவிஸ் மலை

உயர்ந்த மலையைக் காண்பார்க்கு அதன் உச்சியை அடைய வேண்டும் என்னும் வேட்கை எழுதல் இயல்பு. அவ்வேட்கைக்கு அறிவும் பொறுமையும் துணையாதல் வேண்டும். இதனை நன்கு உணர்த்துவது ஸ்காட்லாந்து நாட்டின் பென் நெவிஸ் மலை.

பிரித்தானியத் தீவில் இதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. இதன் உயரம் 1,345 மீட்டர். இமயத்தை நோக்க இது சிறிதே. எனினும், அடிவாரம் கடல்மட்டத்தை ஒட்டியிருத்தலால், ஏறுவார் அவ்வுயரம் முழுவதையும் தம் கால்வலியாலேயே கடத்தல் வேண்டும். ஏறி இறங்க ஏழு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும்.

அக்டோபர்த் திங்களின் விடியலில் நெவிஸ் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறுவோர் புறப்படுவர். இலையுதிர்காலமாதலின் பிர்ச்சு மரங்கள் பொன்னிறம் பூண்டு நிற்கும். பெரணிச் செடிகள் செம்பழுப்பேறிச் சாய்ந்து கிடக்கும். பிணையை நாடும் கலைமான்களின் முழக்கம் சரிவெங்கும் எதிரொலிக்கும். பாதி வழியில் சிற்றேரி ஒன்று உண்டு. அதற்கப்பால் பசுமை குன்றும். கல்லும் சரளையுமே காலடியில் இடறும். பாதை வளைந்து வளைந்து மேலேறும்.

இப்பாதைக்கு ஒரு வரலாறு உண்டு. 1881ஆம் ஆண்டில் கிளெமென்ட் ராக் என்பார், ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை, நாள்தோறும் உச்சிக்கு ஏறி வெப்பமும் காற்றழுத்தமும் அளந்து வந்தார். அடிவாரத்து ஊரில் அவர்தம் மனைவியார் அவ்வாறே அளந்து குறித்தார். அவருடைய உழைப்பின் பயனாக, 1883இல் மலையுச்சியில் வானிலை ஆய்வுக்கூடம் எழுந்தது. பொருள் சுமக்கும் மட்டக்குதிரைகளுக்காக அன்று அமைத்த பாதையே இன்றும் மலையேறுவார்க்கு வழியாயிற்று. பனியிலும் புயலிலும் அங்கிருந்தோர் இரவு பகலாக மணிதோறும் அளவுகளைக் குறித்தனர். பொருள்முடையால் 1904இல் அக்கூடம் மூடப்பட்டது. அதன் இடிபாடுகளை இன்றும் உச்சியில் காணலாம்.

1894ஆம் ஆண்டு செப்டம்பரில் சி. டி. ஆர். வில்சன் என்னும் இளைஞர் இக்கூடத்தில் இரு வாரம் பணியாற்ற வந்தார். முகில்மேல் விழுந்த நிழலைச் சூழ்ந்து வண்ண வளையங்கள் ஒளிர்தலைக் கண்டு வியந்தார். அவ்வியப்பு அவரை விட்டு அகலவில்லை. ஆய்வறையிலேயே முகிலைத் தோற்றுவிக்க முயன்றார். அம்முயற்சி, கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களின் தடத்தைக் காட்டும் முகிலறையாக 1911இல் முற்றுப்பெற்றது. 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வில்சனுக்கு வியப்பளித்த அதே முகில், வழிநடப்பார்க்குப் பெரும்பகையாதலும் உண்டு. வடக்கே செங்குத்தான பாறைச் சுவர். மேற்கே ஆழ்ந்த பிளவு. இரண்டிற்கும் இடையே தப்பாமல் இறங்குதல் வேண்டும். மூடுபனி சூழ்ந்தால் திசைகாட்டியும் வழியோரக் கற்குவியல்களுமே துணை. மேலும், அக்டோபர் இறுதியில் அங்குப் பகற்பொழுது பத்து மணி நேரத்திற்கும் குறைவு. ஆதலின் நண்பகல் கடந்தும் உச்சி தொலைவில் இருப்பின், அறிவுடையோர் திரும்பிவிடுவர். உச்சி கண்ணெதிரே தோன்றும்போது திரும்புதல் எளிதன்று; ஏறுதலினும் மிகுந்த மனவுறுதி அதற்கு வேண்டும்.

ராக் மலையினின்று கொணர்ந்தவை சில அளவுகள். வில்சன் கொணர்ந்தது ஒரு காட்சியின் நினைவு. அவர்கள் நலமே இறங்கி வந்தமையால் அன்றோ அவை உலகிற்குப் பயன்பட்டன! ஏறத் துணிபவர் இறங்கவும் அறிந்திருத்தல் வேண்டும்.